அம்புக்கும் அளவெடுக்க வேண்டும்!

“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்” என்ற பழமொழி நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும். தூண்டிவிட்டவரை விட்டுவிட்டு நடுவில் அகப்பட்டவரைத் திட்டாதே என்பதற்காகப் பெரியவர்கள் சொல்லி வைத்தது. வாழ்க்கைக்கு மிகவும் சரி. ஆனால் நிஜமாகவே வில்லும் அம்பும் பழகுகிற மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பல சமயம் அம்பைத்தான் முதலில் நோக வேண்டியிருக்கிறது!

புதிதாகக் கற்றுக்கொள்ளும் குழந்தை ஒன்று குறி தவறி எய்கிறது. உடனே, “கவனம் எங்கே இருக்கு? நேராப் பாருடி!” என்று அம்மா சத்தம் போடுகிறாள். குழந்தை முகம் சுண்டிப் போகிறது. கவனமெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். அந்த அம்பு அவள் கைக்கும் வில்லுக்கும் பொருந்தாத அம்பாக இருந்திருக்கும். குறி தவறுவதோடு போனால் பரவாயில்லை. பொருந்தாத அம்பு குழந்தையின் கையையே பதம் பார்த்துவிடலாம். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது மண்ணூர்பேட்டையில். ஒரு பக்கம் பாடி, மறுபக்கம் அம்பத்தூர் எஸ்டேட். காலையில் ஷிப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிள் மணியும், கம்பெனி பஸ்களின் ஹாரனும்தான் எங்களுக்குச் சுப்ரபாதம். என் கணவர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் லேத் வேலை பார்க்கிறார். பதினோரு வயதில் ஒரு பெண். அவள் பள்ளித் தோழி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் வில்வித்தை வகுப்புக்குப் போவதைப் பார்த்து, இவளும் “நானும் போறேம்மா” என்று ஆரம்பித்தாள். நீச்சல், பாட்டு, கராத்தே என்று எத்தனையோ இருக்க, வில்லா என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. துணைக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. மாஸ்டர் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறார் என்று தெரிந்ததும், முப்பத்தெட்டு வயதில் நானும் பெண்ணுக்குப் பக்கத்தில் வில்லைப் பிடித்து நின்றேன்!

வீட்டில் என் மாமியாருக்கு இது பெரிய வேடிக்கை. “என் வில்லு இருபத்திரண்டு பவுண்டு அத்தை” என்று ஒரு நாள் சொன்னேன். அவர் காதில் “பவுன்” என்று விழுந்துவிட்டது. “இருபத்திரண்டு பவுனா! அவன் சம்பாத்தியத்துக்கு இது தேவையாம்மா?” என்று பதறிப்போனார். நாணை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைத்தான் பவுண்டு கணக்கில் சொல்வார்கள் என்று விளக்கி, அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நாங்கள் பழகுவது பழைய மாதிரி வில். குறி பார்க்கும் கருவி, கப்பி, கம்பி எதுவும் கிடையாது. ஒரு வில், ஒரு நாண், ஒரு அம்பு, இரண்டு கண், அவ்வளவுதான். இந்திய வில்வித்தைச் சங்கம் 1973-ல் தொடங்கியது. அது நடத்தும் தேசியப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்டு’ என்று ஒரு பிரிவே உண்டு. மூங்கிலாலும் மரத்தாலும் செய்த வில்லோடு 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்வார்கள். பல பெரிய வீரர்கள் முதலில் கை பழகியது மூங்கில் வில்லில்தான். ராஞ்சிக்குப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரியும் வீட்டில் செய்த மூங்கில் வில்லும் அம்புமாகத்தான் ஆரம்பித்தார். 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கினார். 2022 டிசம்பரில் பெண் குழந்தைக்குத் தாயானார். அதற்கப்புறம் மறுபடி வில்லைத் தூக்கி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கால் இறுதிவரை போனார். பிள்ளை பெற்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வில்லும் அம்பும் ஆண்கள் சமாசாரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் நீலகிரியில் தோடர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பத்தின் ஏழாம் மாத வாக்கில் கணவன் தன் மனைவிக்குச் சின்னஞ்சிறு வில்லும் அம்பும் செய்து கொடுப்பான். அதைக் கொடுத்தவன்தான் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன் என்று ஊர் ஏற்கும். நமக்கு வளைகாப்பில் வளையல் மாதிரி, அவர்களுக்கு வில்லும் அம்பும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நீளம்

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவு கொடுக்காமல் கொடுப்போமா? அம்பும் அப்படித்தான். குழந்தையை நேராக நிற்க வைத்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை தையல் டேப்பால் அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால், அவள் நாணை எவ்வளவு தூரம் இழுப்பாள் என்று உத்தேசமாகத் தெரியும். என் பெண்ணுக்கு இரண்டு கை விரிப்பு 57 அங்குலம். வகுத்தால் 23 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எனக்கு 63 அங்குலம். வகுத்தால் 25 சொச்சம். அம்மாவும் பெண்ணும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்; அம்பை மாற்றிக்கொள்ள முடியாது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

இது உத்தேசம்தான். சரியாகத் தெரிய வேண்டுமானால், மேலே அங்குலக் கோடு போட்ட நீளமான அம்பு ஒன்றைப் பயிற்சியாளர் வைத்திருப்பார். மிகவும் லேசான வில்லில் அதை வைத்துக் குழந்தையை இழுக்கச் சொல்வார். வில்லின் முன்பக்கத்துக்கு எந்தக் கோடு நேராக வருகிறதோ, அதுதான் அவள் இழுப்பு. ஒரே தடவை பார்த்தால் போதாது. முதல் நாள் குழந்தை பயந்துகொண்டு பாதிதான் இழுக்கும். நாலைந்து வகுப்பு ஆனதும் தோள் விரிந்து, முழங்கை பின்னுக்குப் போய், இழுப்பு ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் கூடும். அதனால் அம்பை முதல் நாளே வாங்காமல், சில வாரம் வகுப்பில் இருக்கும் பொது அம்புகளால் பழகிவிட்டு வாங்குவது நல்லது.

அம்பு அந்த இழுப்பைவிட நீளமாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒன்று, இரண்டு அங்குலம் கூடுதல்; வளரும் குழந்தைக்கு இரண்டு, மூன்று அங்குலம் கூடுதல். பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கும்போது அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து உள்ளே டக் பிடித்துத் தைக்கிறோம் அல்லவா, அதே கணக்குத்தான். ஜப்பானில் ‘கியூடோ’ என்ற வில்வித்தையில் தொண்டைக்குழியிலிருந்து நீட்டிய இடது கை விரல் நுனிவரை அளந்து, அதற்கு மேல் சில சென்டிமீட்டர் கூட்டித்தான் அம்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நீளமாகவே கொடுப்பார்கள். ஊர் வேறாக இருந்தாலும் கவலை ஒன்றுதான்.

என்ன கவலை? அம்பு குட்டையாக இருந்து, குழந்தை ஆசையாக முழுக்க இழுத்தால், அம்பு நுனி வில்லைத் தாண்டி உள்ளே வந்துவிடும். வில்லைப் பிடித்திருக்கும் கை அதற்கு நேர் கீழே இருக்கிறது. அந்த நிலையில் விரலை விட்டால், அம்பு வில்லின் உட்பக்கத்தில் மோதி உடையலாம், கையிலேயே பாயலாம். நீளமான அம்பினால் இந்த ஆபத்து இல்லை. கொஞ்சம் கனம் கூடும், கொஞ்சம் தாழ்ந்து போகும், அவ்வளவுதான்.

மாமா வாங்கி வந்த அம்பு

போன பொங்கலுக்கு என் அண்ணன் வந்திருந்தார். மருமகள் வில்வித்தை பழகுகிறாள் என்று கேட்டதிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. அழகான அட்டைப் பெட்டி ஒன்றை அவள் கையில் கொடுத்தார். ஆன்லைனில் வரவழைத்ததாம். உள்ளே ரோஜா நிறத்தில் பளபளவென்று ஆறு அம்புகள். பெண் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! “மாமா, மாமா” என்று அவரை விடவே இல்லை.

நான் ஒன்றை எடுத்து டேப்பை வைத்துப் பார்த்தேன். இருபது அங்குலம். அதற்குள் மைதானத்தில் அவள் இழுப்பு இருபத்திரண்டரை வந்திருந்தது.

“அண்ணா, ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதை இவ எய்யக் கூடாது” என்றேன்.

அண்ணன் முகம் வாடிவிட்டது. “சின்னக் குழந்தைக்கு எதுக்கும்மா நீள அம்பு? குழந்தைங்களுக்குன்னுதானே பெட்டியில போட்டிருக்கான்?” என்றார்.

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். “தாய்மாமன் பண்டிகைக்குக் கொடுத்ததை வேண்டாம்னு சொல்லலாமா? வாங்கி வெச்சுக்கோ” என்றார் மெல்ல. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பிறந்த வீட்டுச் சீரைக் குறை சொன்னதாக ஆகிவிட்டால், அந்தச் சங்கடம் அம்போடு போகாது.

நான் வாதாடவில்லை. வகுப்பு நாளன்று அண்ணனையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோடு போட்ட நீள அம்பை வைத்து மாஸ்டர் அவளை இழுக்கச் சொன்னார். இழுத்தபடி அவள் நிற்க, நான் பக்கத்திலேயே அந்த ரோஜா நிற அம்பைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். அதன் நுனி வில்லின் முன்பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் உள்ளே, அவள் கட்டை விரல் முட்டிக்கு மேலே நின்றது.

அண்ணன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, “எடுத்து உள்ள வைம்மா” என்றார். மருமகளைப் பக்கத்தில் இழுத்து அந்தக் கையைத் தடவிக் கொடுத்தார்.

அந்த அம்புகள் வீணாகவும் இல்லை. அதே வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன். அவன் இழுப்பு பதினாறு அங்குலம். மாஸ்டர் பார்த்துச் சரி என்றதும், “உன் கையாலேயே கொடு” என்று அண்ணன் என் பெண்ணிடம் சொன்னார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டினாலும், கொடுத்துவிட்டாள். வெளியிலிருந்து குழந்தைகளுக்குப் பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: வில்லும் அம்பும் பொம்மை மாதிரி வயதைப் பார்த்து வாங்குவதில்லை. தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அளவை வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஆச்சரியப் பரிசு’ வேறு எதிலாவது இருக்கட்டும்.

இரண்டாவது விறைப்பு

இதுதான் பலருக்கும் தெரியாத சூட்சுமம். அம்பு நேராகப் பறக்கிறது என்றுதானே நாம் நினைக்கிறோம்? இல்லவே இல்லை! நாணை விட்டவுடன் அம்பு மீன் நெளிவதுபோல் இரண்டு பக்கமும் நெளிந்து நெளிந்துதான் போகிறது. கைபேசியில் மெதுவாக ஓடும் படமாக எடுத்துப் பார்த்தால் தெரியும். பழைய மாதிரி வில்லில் நடுவில் பிடி அகலமாக வழியை மறிக்கிறது. அம்பு அந்தப் பிடியைச் சுற்றி வளைந்து போய், அப்புறம்தான் குறியை நோக்கி நிமிர வேண்டும். அதற்கு வேண்டிய அளவு வளையும் குணத்தைத்தான் மைதானத்தில் ‘ஸ்பைன்’ என்கிறார்கள். விறைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

வில் லேசாக இருந்து அம்பு மிகவும் விறைப்பாக இருந்தால், அது வளையாமல் வில்லில் இடித்துக்கொண்டு, வலது கையால் நாணை இழுப்பவருக்கு இடது பக்கமாகப் போகும். அம்பு மிகவும் தளர்ச்சியாக இருந்தால் அளவுக்கு மீறி வளைந்து வலது பக்கமாகப் போகும். இடது கைக்காரர்களுக்கு இது தலைகீழ்.

இதிலிருந்து அம்மாக்களுக்கு ஒரு சுலபமான பரீட்சை கிடைக்கிறது. குழந்தை எய்த ஆறு அம்பும் நாலா பக்கமும் சிதறி இருந்தால், பழக்கம் போதவில்லை, பொறுமையாகப் பழகட்டும். ஆறும் பக்கம் பக்கமாக ஒரே இடத்தில், ஆனால் எப்போதும் இடது பக்கமாகவே தைத்திருந்தால், குழந்தை ஒரே மாதிரி ஒழுங்காக எய்கிறாள் என்று அர்த்தம். திட்டுவதற்கு முன் அம்பைப் பாருங்கள்! நிற்கும் விதத்தாலும் குறி பார்க்கும் விதத்தாலும்கூட அப்படி ஆகலாம்; மாஸ்டர் அதைப் பார்த்துச் சொல்வார். ஆனால் முதல் சந்தேகம் அம்பின் மேல் இருக்கட்டும்.

விறைப்பைத் தேர்ந்தெடுக்க, குழந்தை விரலில் உண்மையில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று தெரிய வேண்டும். வில்லில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பொதுவாக அது 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. என் பெண்ணின் வில்லில் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ என்று எழுதியிருக்கிறது. அவள் இழுப்போ இருபத்திரண்டரை. ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுக்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி மாஸ்டர் இழுத்துப் பார்த்தார். அவள் இழுப்பில் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் காட்டியது. சுமார் 13 பவுண்டு. ‘20 பவுண்டு வில்’ என்று கடையில் கேட்டு வாங்கினால், இவளுக்கு அது கட்டாயம் விறைப்பான அம்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு குழப்பம். மர அம்பில் விறைப்பைப் பவுண்டில் சொல்வார்கள். எண் கூடினால் விறைப்பும் கூடும். கார்பன் அம்புகளில் 500, 1000 என்று போட்டிருப்பார்கள். அதில் எண் கூடினால் விறைப்பு குறையும்! 500 என்றால் நன்றாக விறைப்பானது. லேசான வில் பிடிக்கும் குழந்தைக்கு 1000-க்கு மேலேயும் போக வேண்டியிருக்கும். அம்பு நீளமாக இருந்தாலும், முனை கனமாக இருந்தாலும் விறைப்பு சற்றுத் தளரும். குழந்தைக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டால், பத்திரத்துக்குப் பத்திரம், விறைப்புக்கும் உதவி.

மரத் தண்டின் விறைப்பை அளக்கும் வழியைக் கேட்டதும் என் கணவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, அவற்றின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு, அதாவது 907 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். எத்தனை அங்குலம் தொய்கிறதோ, அந்த எண்ணால் 26-ஐ வகுத்தால் விறைப்பு கிடைத்துவிடும். ஒரு அங்குலம் தொய்ந்தால் 26 பவுண்டு. அரை அங்குலமே தொய்ந்தால் 52 பவுண்டு. பழைய இரும்புத் துண்டுகளை வைத்து இரண்டு தாங்கிகளைப் பட்டறையிலிருந்து செய்துகொண்டு வந்தார். ஞாயிறு மதியம் சாப்பாடு ஆனதும் தண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து அளந்து, கணக்கு நோட்டில் எழுதினார். ஒரே கட்டில் வந்த தண்டுகளில்கூட ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தது. நெருங்கிய எண் வந்த ஆறை மட்டும் எடுத்து, ஒரு ஜோடியாக வைத்துக்கொண்டோம்.

கனம், இறகு, நாண் பிளவு

அம்பு லேசாக இருந்தால் வேகமாகப் போகும் என்று லேசானதைத் தேட வேண்டாம். வில்லின் பலம் முழுவதையும் அம்புதான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அம்பு மிகவும் லேசானால் அந்த அதிர்ச்சி வில்லுக்கே திரும்பும். வில் விரிசல் விடும். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது என்பதும் இதனால்தான். பழைய மாதிரி வில்லுக்கு, ஒரு பவுண்டு பலத்துக்கு 8 முதல் 10 கிரெயின் கனம் இருப்பது நல்லது. ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெயின். என் இருபத்திரண்டு பவுண்டு வில்லுக்குக் கணக்குப் போட்டால் 11 முதல் 14 கிராம். “ஒன்றரைப் பவுன் எடையாவது இருக்கணும் அத்தை” என்றேன் மாமியாரிடம். இந்தத் தடவை நிஜமாகவே பவுன்!

இறகு விஷயத்தில் அழகைப் பார்க்கக் கூடாது. பழைய மாதிரி வில்லில் அம்பு கை மேலேயோ, சின்ன மேடையிலேயோதான் இருக்கும். தனித் தாங்கி கிடையாது. நிஜ இறகு வில்லில் உரசினாலும் மடங்கிக் கொடுத்துப் போய்விடும். பிளாஸ்டிக் இறகு மடங்காது. இடித்து அம்பைத் திசை திருப்பும். ஆகவே இறகு வைத்த அம்பாகவே வாங்குங்கள். மூன்று இறகும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்ததாக, ஒரே பக்கம் வளைந்ததாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அது வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும்படி நாணில் பொருத்த வேண்டும். இறகுகளை மழையில் நனைய விடாதீர்கள். நனைந்து சுருங்கினால், பொங்கும் கெட்டில் ஆவியில் தூரத்தில் நீங்களே காட்டுங்கள், பட்டுப்போல் விரிந்துவிடும்.

அம்பின் வாலில் நாண் பொருந்தும் பிளவையும் கவனியுங்கள். நாணில் மாட்டி அம்பைத் தொங்கவிட்டால் விழாமல் நிற்க வேண்டும். நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் இறுக்கமும் கூடாது, தளர்ச்சியும் கூடாது.

மரமா, கார்பனா?

மூங்கிலும் மரமும் பழைய வில்லுக்குப் பொருத்தம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். பொறுக்கி எடுக்க வேண்டும். அலுமினியம் ஒரே மாதிரி இருக்கும். கல்லில் பட்டால் வளைந்துவிடும். கண்ணாடி மேஜை மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்தது தடதடவென்று துள்ளும். கார்பன் வளையாது. ஆனால் உள்ளுக்குள் விரிசல் விட்டுக்கொண்டு வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும். அது எய்யும்போது உடைந்தால், ஊசி ஊசியாகச் சிலாம்பு கையில் ஏறும்.

ஆகவே எந்த அம்பானாலும், ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பாருங்கள். மரமானால் நீளவாட்டில் விரலை ஓட்டி, கீறலோ சிலாம்போ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கார்பனானால் இரு முனையையும் பிடித்து முகத்துக்கு எட்ட வைத்துக்கொண்டு, மெல்ல வளைத்து, திருப்பித் திருப்பி வளைத்து, ‘சிறுக்’கென்று ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் அதை இரண்டாக ஒடித்துத் தூர எறிந்துவிடுங்கள். அப்படியே வைத்திருந்தால், யாராவது ஒரு குழந்தை எடுத்து எய்துவிடும். “பசை போட்டு ஒட்டிக்கலாம்” என்ற சிக்கனம் இதில் மட்டும் வேண்டாம்.

சிக்கனத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு டஜன் வாங்காதீர்கள். வளரும் குழந்தைக்கு ஆறு தாராளம். அதில் மூன்றை எய்யலாம். மூன்றைக் கைவசம் வைக்கலாம். அம்மா அம்புக்கும் பெண் அம்புக்கும் அடையாளம் தெரிய, இறகுக்குக் கீழே நகப்பாலிஷால் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் எனக்குச் சிவப்பு, அவளுக்கு ஊதா.

அம்மாக்கள் கவனத்துக்கு

முடியை இறுகப் பின்னிக் கட்டிவிடுங்கள். துப்பட்டா, டாலர் சங்கிலி, தொங்கட்டான் எல்லாம் வீட்டில் இருக்கட்டும், நாணில் மாட்டும். முன்கைக்குக் காப்பும், விரலுக்குத் தோலும் கட்டாயம் வேண்டும். பெண்களுக்கு மார்புக் காப்பும் தனியாகக் கிடைக்கிறது. வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். நாண் அடித்தால் கன்றிப்போகும். எல்லாரும் எய்து முடித்து, விசில் ஊதிய பிறகுதான் அம்பைப் பிடுங்கப் போக வேண்டும். பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அம்பின் வால் கண்ணைக் குத்திவிடும். அம்போடு ஓடவே கூடாது. தோள் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். கனமான வில்லைப் பிடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. மொட்டை மாடியிலும் தெருவிலும் எய்வது கூடவே கூடாது.

கடைசியாக ஒன்று. ஜம்மு பக்கத்தில் கிஷ்த்வாரில் பிறந்த ஷீதல் தேவிக்குப் பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லை. அந்தப் பெண் காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் வாயாலும் நாணை இழுத்து எய்கிறார். 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வாங்கினார். எல்லாரும் பிடிக்கிற மாதிரிதான் பிடிக்க வேண்டும் என்று யாராவது அவரைக் கட்டாயப்படுத்தியிருந்தால், அந்த வெண்கலம் ஏது? அவர் உடம்புக்குத் தக்கபடி கருவியை அமைத்துக் கொடுத்தார்கள். உடம்புக்குக் கருவி பொருந்த வேண்டும். கருவிக்காக உடம்பை வளைக்கக் கூடாது. நம் குழந்தைகள் விஷயத்தில் செருப்பு, புத்தகப் பை, நாற்காலி எல்லாவற்றுக்குமே இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது யூனிபாரத்துக்கு அளவெடுப்பீர்கள் அல்லவா? டேப்பைச் சுருட்டி வைப்பதற்கு முன், “கையை நீட்டும்மா” என்று அந்த அளவையும் எடுத்து, நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுங்கள். போன வருஷத்து அம்பு இந்த வருஷத்துக் கைக்குப் போதுமா என்று அது சொல்லிவிடும். போதாதென்றால், அந்த அம்புகள் வகுப்பில் அடுத்து வரும் சின்னக் குழந்தைக்கு ஆகும்.